ஒரே மரத்தின் இரண்டு வயலின்கள்

நவம்பர் 19

காலையில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து, "காயில் எரிஞ்சு போச்சு சார்" என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போனான். கோமளம் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு குடம் தூக்கி வந்தாள். நான் தூக்கக் கூடாதாம். விரல் பிடித்துக்கொள்ளுமாம். இப்போதெல்லாம் விரலுக்கு என்ன வேலை இருக்கிறது?

பதினோரு மணிக்கு சபா செயலாளர் ரங்கமன்னார் போன் செய்தார். இத்தாலியிலிருந்து இலாரியோ தொசானி வருகிறாராம். எண்பத்தொரு வயது. துணைக்குத் தம்பி மகள் வருகிறாளாம்.

"உங்க ரெண்டு வயலினையும் சேர்த்துக் கேக்கணுமாம் சார். அதுக்குன்னே வர்றார்."

"இப்ப சேர்ந்து வாசிக்கிறதில்லேன்னு சொன்னீங்களா?"

"அதை நான் எப்படி சார் சொல்றது?"

என்னிடம் வயலின் கற்ற என் மகள் சௌந்தரி என்றாவது இந்த நோட்டைப் படிப்பாள் என்பதால் விவரமாக எழுதுகிறேன். நானும் தம்பி தில்லைநாயகமும் 'மணல்மேடு சகோதரர்கள்' என்ற பெயரில் இருபது வருஷத்துக்கு மேல் வயலின் வாசித்தோம். அந்த நாளில் ஒரு இத்தாலிப் பயணம் வந்தது. கிரெமோனா ஊரில் ஒரு பழைய மாதா கோயில் கூடத்தில் கச்சேரி. கிரெமோனா என்றால் வயலினுக்குப் பிறந்த வீடு. நானூறு வருஷத்துக்கு மேலாக அங்கே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கச்சேரி முடிந்ததும் ஒரு ஆள் மேடைக்கு வந்தார். எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்து வயலின்களைப் பார்த்தார். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் பேசுகிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு பாஷை பேசுகின்றன" என்றார். அவர்தான் தொசானி. அவர் கையால் ஒரு வயலின் கிடைக்க உலகத்தில் பெரிய பெரிய வித்வான்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்களுக்காக அவராகவே இரண்டு வயலின் செய்தார். ஒரே மேப்பிள் மரத்துண்டைப் பிளந்து இரண்டுக்கும் முதுகுப் பலகை. ஒரே ஸ்ப்ரூஸ் கட்டையிலிருந்து இரண்டுக்கும் மேல் பலகை. வாழ்நாளில் அவர் ஜோடியாகச் செய்தது அது ஒன்றுதான்.

தில்லை இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறான். நான் நங்கநல்லூரில். பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 23

ஞாயிற்றுக்கிழமை. சௌந்தரி வழக்கம்போல் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"சித்தப்பா வாசிக்கிறேன்னு சொல்லிட்டாராம்ப்பா."

"யார் சொன்னது?"

"ரங்கமன்னார் மாமா." சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. அழைப்பிதழில் என் பெயர் முதலில் வர வேண்டும். மேடையில் நான் வலது பக்கம். ராகத்தை நான் தீர்மானிப்பேன். இதைத்தான் ரங்கமன்னாரிடம் சொன்னேன். அவர், "கேட்டுப் பாக்கறேன் சார்" என்றார்.

பீரோவிலிருந்து வயலினை எடுத்துப் பார்த்தேன். தம்பூராப் பெட்டியைப் போட்டு இரண்டு ஆவர்த்தனம் இழுத்தேன். கீழ் ஸ்தாயியில் ஒரு கரகரப்பு. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 2

புயல் மழை. மோட்டார் வந்தது. மின்சாரம் இல்லை.

டிசம்பர் 6

தில்லை எல்லாவற்றுக்கும் சரி என்றானாம். பெயர் இரண்டாவதாகப் போட்டாலும் சரி, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சரி, எந்த ராகமானாலும் சரி.

இதில் என்னவோ இருக்கிறது. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் பரவாயில்லை. நம்மைச் சின்னவனாக்கிவிட்டு அவன் பெரியவனாகிறான். சின்ன வயதிலேயே அவனுக்கு அந்த சாமர்த்தியம் உண்டு.

அப்படியானால் ஒத்திகைக்கு அவன்தான் இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். நான் மேடவாக்கம் போக மாட்டேன்.

கோமளம் கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினாள். "வரமாட்டாருன்னு நெனச்சுத்தான சொன்னீங்க?" என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 11

தில்லை இன்று பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்தது, வானொலி நிலைய ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்காமல் இருப்பது. போன மாதமே கொடுத்திருக்க வேண்டும். பாங்குக்குக் கிளம்பினேன்.

"இன்னைக்கேவா?" என்று கோமளம் வாசல்வரை வந்தாள். "அவர் வர்ற நேரங்க."

"வந்தா உக்காரச் சொல்லு."

பாங்கில் கூட்டம் இல்லை. சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது எங்கள் தெரு முனை டீக்கடையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எங்கள் அடுக்ககத்தின் வாசல் தெரியும். டீ நன்றாக இல்லை. இன்னொன்று வாங்கினேன்.

ஒரு மணிக்கு மேல் தில்லை வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வயலின் பெட்டியை முதுகில் மாட்டாமல், சின்னப் பிள்ளையை அணைப்பதுபோல் முன்னால் பிடித்திருந்தான். ஆட்டோவுக்காக இரண்டு பக்கமும் பார்த்தான். டீக்கடைப் பக்கமும் பார்த்தான். பார்த்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வெயில்.

வீட்டில் அவன் சாப்பிட்ட இலை இன்னும் எடுக்காமல் கிடந்தது. "வத்தக்குழம்பு ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. போறப்ப உங்க நாற்காலில செத்த நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாரு" என்றாள் கோமளம். சாயங்காலம் காப்பி கொடுக்க மறந்துவிட்டாள்.

டிசம்பர் 18

தொசானி வீட்டுக்கு வந்தார். கூட அவர் தம்பி மகள் பியேரா. நாற்பது வயதிருக்கும். அவர் இத்தாலியில் பேச, அவள் இங்கிலீஷில் சொல்ல, சௌந்தரி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எனக்குப் புரியாததைத் தமிழில் சொன்னாள்.

மனிதர் மெலிந்துவிட்டார். மாடி ஏறியதும் மூச்சு வாங்கியது. வலது கை நடுங்குகிறது. வேலையை நிறுத்திவிட்டாராம். வயலின்களை விற்று அனுப்பியதோடு சரி, பிறகு அவை எப்படிப் பேசுகின்றன என்று கேட்டதே இல்லை. அதனால் இந்த இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஜப்பானில் ஒன்று வீட்டோடு எரிந்துபோய்விட்டது. ஒன்று ஏதோ பணக்காரனின் பாங்குப் பெட்டகத்தில் இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை. ஒன்றை வாங்கிய பெண் பல் டாக்டராகிவிட்டாள். அவளுடைய அம்மா அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள்.

"பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி வீடு வீடாகப் போகிறார்" என்றாள் பியேரா சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை.

என் வயலினை மடியில் வைத்துக்கொண்டார். விபூதியும் எண்ணெயும் படிந்து வார்னிஷ் கறுத்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. விரல் முட்டியால் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே வந்தார். கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் சத்தம் மாறியது. மேல் பலகை பக்கப் பலகையை விட்டு, விரல் நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. கரகரப்பு அதனால்தான்.

"எவ்வளவு காலமாக இப்படி?"

"இந்த மழையிலதான்" என்றேன்.

விரிசலுக்குள் கெட்டிப்பட்டிருந்த தூசியை அவர் நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தார்.

பையிலிருந்து தோல் பசைக் கட்டிகளை எடுத்து வெந்நீர் கேட்டார். கோமளம் பால் காய்ச்சும் பாத்திரத்தைக் கொடுத்தாள். சமையலறை முழுக்க மாட்டுத்தோல் வாடை. வேறு யாராவது என்றால் கோமளம் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இவருக்கு விசிறிக்கொண்டு நின்றாள். கை நடுங்கியதால் பசையைத் தடவ அவரால் முடியவில்லை. அவர் இடத்தைக் காட்ட, பியேரா தடவினாள். மரப்பிடிகள் போட்டு இறுக்கிவிட்டு, நாளைவரை தொடக் கூடாது என்றார்.

பிறகு கேட்டார்: "இன்னொன்று எங்கே?"

"தம்பி மலேசியா போயிருக்கான். கச்சேரி."

சௌந்தரி என்னைப் பார்த்தாள். அதை இங்கிலீஷில் சொல்லாமல் நின்றாள். நானே சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும்.

டிசம்பர் 19

சௌந்தரி என்னோடு பேசவில்லை. மரப்பிடிகளைக் கழற்ற பியேரா மட்டும் வந்தாள். நேற்று சாயங்காலம் ஓட்டலுக்கு என் தம்பி வந்திருந்ததாகச் சொன்னாள். தன் பெரியப்பா தொசானியும் அவரும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். மலேசியா பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றாள்.

டிசம்பர் 20

தொசானி வந்து கூடத்தில் தரையில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்தார். அதிர்வை வாங்க ஒரு உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டார். நான் காம்போதி வாசித்தேன். ஒட்டு சேர்ந்தபின் வயலின் பழையபடி நிறைந்து பேசியது. பிழையில்லாமல் வாசித்தேன். இதை நான் கர்வத்தில் எழுதவில்லை.

முடிந்ததும் அவர் பியேராவிடம் என்னவோ கேட்டார். அவள் தயங்கினாள்.

"நடுநடுவே நிறுத்துகிறீர்களே, அது இந்த ராகத்தின் முறையா என்று கேட்கிறார்."

"எங்கே நிறுத்தினேன்?"

அவர் கையை உயர்த்தி, நான் வாசித்த ஒரு பிடியைத் தன் கரகரத்த குரலில் பாடிக் காட்டினார். பிறகு சும்மா இருந்தார். மறுபடி அடுத்த பிடி. மறுபடி சும்மா இருந்தார்.

சௌந்தரி தாழ்ந்த குரலில், "சித்தப்பா வாசிக்கிற எடம்ப்பா அது" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அப்படி ஒன்றும் இல்லை. ஆலாபனையில் மூச்சு விடுவது உண்டு. எல்லா வித்வான்களும் செய்வதுதான்.

டிசம்பர் 22

காலையில் ரங்கமன்னார் வந்தார். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு லஸ் பக்கம் சின்ன அரங்கு ஒன்று பிடித்திருக்கிறார். டிக்கெட் கிடையாது, தெரிந்தவர்கள் மட்டும். "அதுக்கு மறுநா அவர் ஊருக்குக் கெளம்பறார் சார். டாக்டர் கண்டிஷன் போட்டு அனுப்பியிருக்காங்களாம். நுரையீரல்ல என்னமோ." எழுந்திருக்கும்போது, "ஒரு மணி நேரந்தான் சார்" என்றார்.

அவர் போனபின் கோமளம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவது வழக்கமில்லை.

"கடைசியா சேர்ந்து வாசிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எல்லாருக்கும் தெரியும். பல்லவியில கணக்குக் கோர்வை வச்சோம். அது முடிஞ்சு பல்லவி ஆரம்பிக்கிற எடுப்புக்கு அவன் வந்து சேரல. நான் வில்லை எடுத்துட்டுக் காத்திருந்தேன். வேற என்ன பண்ணச் சொல்ற? பேப்பர்ல கூட அப்படித்தான் எழுதினான்."

"வில்ல எடுத்துட்டு சனங்களப் பாத்துச் சிரிச்சீங்க."

"சிரிக்கல."

"நான் முன் வரிசையில தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவளுடைய அப்பா நட்டுவனார். தாளத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். அதனால் எல்லாம் தெரிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

"தாளம் போட்டா என்ன?" என்றேன்.

"தம்பி சரியா வந்து விழுந்தாரு. என் கை கீழ விழறப்பத்தான் அவரு வில்லும் விழுந்துச்சு." அவள் எழுந்துவிட்டாள். "இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஒம்போது வருசமா உங்களுக்கு சோறு போட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கேன்."

அந்த அரங்கில் மின்விசிறிச் சத்தம் அதிகம். முன் வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்காது.

மத்தியானம் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 24

எழுந்ததுமே முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து வாசிப்பது கஷ்டம். கோமளத்திடம் சொன்னேன். அவள் தைலம் எடுத்து வந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சௌந்தரி பட்டுப் புடவை கட்டி நின்றாள். "வயலினையாவது குடுங்கப்பா. அவர் கேக்க வந்தது அதைத்தானே?"

நான் குளிக்கப் போனேன். வெகு நேரம் குளித்தேன். வந்து பார்த்தால் பெட்டி இல்லை. வீட்டில் யாரும் இல்லை. நான் கொடுக்கவில்லை, கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இது சரியாகப் பதிவாக வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்கு முதுகு கொஞ்சம் தேவலை. ஆட்டோ பிடித்தேன்.

அரங்கின் பக்கவாட்டில் ஒரு வேப்பமரம். ஜன்னல்கள் திறந்திருந்தன. மரத்தடியிலேயே நின்றேன். உள்ளே காம்போதி. முதலில் ஒரு வயலின்தான் கேட்டது. யார் வாசிப்பது என்று காதைத் தீட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டும் வாசிக்கின்றன. ஒன்று முடிக்கும் முன்பே மற்றது வாங்கிக்கொள்கிறது. வாங்கிய இடம் தெரியவில்லை. என் வயலின் எது, அவன் வயலின் எது என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் வாசித்த காலத்தில் நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே நின்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படித்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. எனக்குப் பதிலாக வாசித்தது சௌந்தரி; கேட்டாலே தெரிகிறது, அவள் வில்லைத் திருப்பும் விதம் நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. நுனியில் கொஞ்சம் நிறுத்தித் திருப்புகிறாள். அது தில்லையின் கை. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற பழக்கம் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வாட்ச்மேன் வந்தார். "உள்ள போங்க சார், எடம் இருக்கு. சேர் கூட காலி."

"பரவால்ல. கூட்டம் பிடிக்காது" என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் வரிசையில் தொசானி. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கை நடுங்கவில்லை என்று தோன்றியது. இவ்வளவு தூரத்திலிருந்து அதெல்லாம் தெரியாது. மங்களம் வாசிக்கும்முன் கிளம்பிவிட்டேன்.

அவர்கள் வரும்போது நான் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். சௌந்தரி பெட்டியைப் பீரோவில் வைத்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். என் வேட்டியில் ஒட்டியிருந்த வேப்பிலையைக் கோமளம் எடுத்துப் போட்டாள்.

டிசம்பர் 25

விமானத்துக்குப் போகும் வழியில் தொசானி காரை எங்கள் தெருவில் நிறுத்தச் சொன்னாராம். மாடி ஏற முடியவில்லை. நான் இறங்கிப் போனேன். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். இந்த முறை பியேரா தயங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். ஒரே மரத்தில் செய்துகொடுத்தால் நீங்கள் பிரிய மாட்டீர்கள் என்று நினைத்தாராம். கிரெமோனாவில் உங்கள் வாசிப்பைக் கேட்ட அன்றே, இது எத்தனை நாள் தாங்குமோ என்று அவருக்குப் பயமாக இருந்ததாம். அவருக்கும் ஒரு அண்ணன் இருந்தார். ஒரே பட்டறைதான் இரண்டு பேருக்கும்."

"இப்போ அவர் எங்கே?"

"கடைசிவரை பேசாமலே செத்துப் போய்விட்டார்" என்றாள்.

அவர் என் இடது கையைப் பிடித்து, தந்தி அழுத்தித் தழும்பேறிய விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். இத்தாலியில் ஒரு வார்த்தை சொன்னார். அதை பியேரா மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

தொசானி காலமானார். பியேரா சௌந்தரிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

மத்தியானம் தில்லைக்குப் போன் செய்தேன். எண் மாறவில்லை.

"நான்தான்."

"தெரியுதுண்ணே. சொல்லுங்க."

"பெரியவர் போயிட்டார்."

"ம். காலையில சொன்னாங்க."

வேறு சொல்ல வேண்டியது இருந்தது. அதற்காகத்தான் கூப்பிட்டேன். "நாம ரெண்டு பேரும் ஒரு தடவ சேர்ந்து, அவர் ஞாபகமா..." என்று ஆரம்பித்தேன்.

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு மாணவன் சாதகம் செய்வது கேட்டது.

"வேணாண்ணே" என்றான். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "கூப்ட்டப்ப வந்தேன். உங்க வீட்ல வந்து உக்காந்திருந்தேன். வெளிய வந்து பாத்தா நீங்க டீக்கடையில இருந்தீங்க. நீங்க எந்திரிச்சு வருவீங்கன்னு ஆட்டோவக்கூட ஒண்ண விட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்லண்ணே."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சௌந்தரி நல்லா வருது. அந்த வயலின அதுகிட்டயே குடுத்துடுங்க. பீரோவுல வெக்காதீங்க" என்றான். "அண்ணிகிட்ட கேட்டேன்னு சொல்லுங்க."

பிப்ரவரி 10

சௌந்தரியிடம் பெட்டியைக் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை போறப்ப எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் அழுதாள். எனக்கு வீட்டில் பழைய கல்கத்தா வயலின் ஒன்று இருக்கிறது. பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதும்.

மார்ச் 15

மாலை மயிலாப்பூரில் தில்லைநாயகம், சௌந்தரி கச்சேரி. கோமளம் மதியமே தில்லை வீட்டுக்குப் போய் அவர்களோடு வந்துவிட்டாள். நான் தனியாகப் போனேன். இந்த முறை உள்ளே போய் உட்கார்ந்தேன். பின் வரிசையில்தான்.

பல்லவியில் தில்லை ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே கோர்வையை வைத்தான். நான் முழுக்கத் தாளம் போட்டேன். இரண்டு பேரும் எடுப்பில் வந்து விழுந்தார்கள். என் கை அரை அட்சரம் கழித்து விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் மேடைப் பக்கம் போனேன். தில்லை வில்லைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"சுருதி நல்லா சேர்ந்திருந்துது" என்றேன்.

"அவரு செஞ்சது அப்படிண்ணே" என்றான்.

பிறகு ரசிகர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வெளியே தில்லையின் சின்னக் கார் நின்றது. பின் சீட்டில் இரண்டு வயலின் பெட்டிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு கோமளம். சௌந்தரி முன்னால் உட்கார்ந்தாள். "பெட்டிய மடியில வச்சுக்கறேன், நீங்களும் வாங்க" என்றாள் கோமளம். நெரிசலில் ஒட்டு விட்டுவிடும், நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். தில்லை என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஏழு வயதிலிருந்து கச்சேரிக்குப் போய் வரும்போதெல்லாம் என்னிடம் ஒரு பெட்டி இருந்திருக்கிறது. யாரும் இடிக்காமல் அதைக் காப்பாற்றியே வீடு வந்து சேருவேன். இன்று காப்பாற்ற ஒன்றும் இல்லை. கிண்டி வரைக்கும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே வந்தேன்.